வத்சலாவுக்குப் பதிலாக வைத்தி

“நாங்க பொண்ணைத்தான் குடுத்தோம் மாமி, எடை போட்டுக் குடுக்கல்லே.”

காமாக்ஷி மாமி இதை மாடிப்படியின் கீழ்ப்பாதியில் நின்றுகொண்டு சொன்னாள். சாதாரணமாகவே அவள் குரல் கோல் மார்க்கெட் வரை போகும். அன்று ஞாயிற்றுக்கிழமை, பஸ் சத்தமும் குறைவு.

“எடை போட்டிருந்தா நாங்க வாங்கியே இருக்க மாட்டோமாக்கும்,” என்றாள் மேல்பாதியிலிருந்து தங்கம் மாமி.

இருவருக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில், மெத்தை. மேலேயிருந்து தங்கம் மாமி அதைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து காமாக்ஷி மாமி அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். அது நல்ல ஃபோம் மெத்தை. யார் பக்கமும் சாயாமல் இரண்டாக மடிந்து, சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையே அடைத்துக்கொண்டு நின்றது. பால் வாங்கிவந்த மாடி எதிர்வீட்டு மல்ஹோத்ரா தன் வீட்டுக்குப் போக வழியில்லாமல், “பஹன்ஜி, ஜல்தி கீஜியே” என்று இரண்டு தரம் அவசரப்படுத்திப் பார்த்தார். பிறகு சண்டை ருசிக்க ஆரம்பித்ததும் பால் தூக்கைப் படியில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, சம்பந்திகள் போடும் சண்டைக்கு மொழியா வேண்டும்?

நான் கீழ் வீடு. வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். சின்னக் கட்டுதான். அன்றைக்கென்னவோ அதை ஆய ரொம்ப நேரம் பிடித்தது.

டில்லி மந்திர் மார்க்கை ஒட்டிய எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எனக்கு நேர் மேலே உள்ள மாடிவீடு தங்கம் மாமியுடையது. பாலக்காட்டுக்காரி, புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே பிள்ளை ஜம்பு, ஏதோ ஒரு மந்திரி ஆபீசில் அசிஸ்டெண்ட். காமாக்ஷி மாமி அடுத்த பிளாக், கும்பகோணம். அவள் புருஷன் ராமமூர்த்தி செக்‌ஷன் ஆபீசர். ஃபைலில் எழுதுவதோடு சரி, வாயைத் திறக்கமாட்டார். அவர்கள் பெண் வத்சலா டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் ஜம்புவுக்கும் வத்சலாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. இந்தச் சண்டை நடந்தது தை மாதத்தில். நடுவில் இருந்த மாதங்களில் ஜம்பு முக்கால்வாசி நாள் தரையில்தான் படுத்திருந்தான்.

டில்லிக் குளிரில் சிமெண்டுத் தரை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பையனுக்கு ஒரு பக்கம் இடுப்புப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் கேள்விக்குறி மாதிரி நிற்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கம் மாமி அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மெத்தையை வாசலுக்கு இழுத்தாள். மெத்தையை மட்டும் இழுத்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

“மெத்தையும் போகட்டும், உங்க பொண்ணும் கொஞ்ச நாள் பொறந்தாத்துல இருந்துட்டு வரட்டும்,” என்று காமாக்ஷி மாமிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வத்சலாவின் பெட்டியையும் கதவோரம் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ‘கொஞ்ச நாள்’ என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பின் பிளாக் பெண் ஒருத்தி அப்படிக் கொஞ்ச நாள் வந்தவள்தான். இன்னும் திரும்பிப் போகவில்லை; தலையிலே நரையும் வந்துவிட்டது. வத்சலா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் என்று மல்ஹோத்ராவின் மனைவி பிற்பாடு சொன்னாள். பெட்டியின் கைப்பிடியைத் தொடவில்லையாம். அதைப் பார்த்தபடியே நின்றாளாம்.

ஒரு மெத்தைக்காக இத்தனையா என்று கேட்பீர்கள். மெத்தையின் ஜாதகத்தைச் சொன்னால்தான் புரியும்.

வத்சலாவைப் பற்றி ஜாதகம் கொடுக்கும்போது காமாக்ஷி மாமி சொன்ன ஒரே வார்த்தை, “பூசினாப்பல இருப்பா.” பூச்சு கொஞ்சம் கனமான பூச்சு, அதை மாமி சொல்லவில்லை. கொடுத்த போட்டோவில் வத்சலா ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜையின் மேல் பெரிய பூ ஜாடி. பாதிப் பெண்ணை ஜாடி மறைத்தது. மீதிப் பெண்ணை மேஜை மறைத்தது. பிள்ளை வீட்டாரிடமிருந்து வந்த போட்டோ மட்டும் என்ன சத்தியத்தின் உருவமா? ஜம்பு கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். அந்தக் கோட்டு அவன் மாமா பாலசுப்ரமணியத்தினுடையது. தோள்பட்டைக்குள் துண்டை மடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். துண்டு எங்கள் கொடியில் காய்ந்ததுதான்.

பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. தங்கம் மாமி பெண்ணைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். காமாக்ஷி மாமி பிள்ளையைத் தேடினாள். பத்துப் பொருத்தமும் கூடியிருந்தது, பெண்ணுக்குச் சர்க்கார் வேலை, பையனுக்குச் சர்க்கார் வீடு. யார் வாயைத் திறப்பார்கள்? ‘உங்க பொண்ணு’ என்று இவள் ஆரம்பித்தால் ‘உங்க பிள்ளை’ என்று அவள் முடிப்பாள். ஆகவே பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. ஜம்பு நிமிர்ந்து ஒரு தடவைதான் பார்த்தான். அன்றையிலிருந்து டெலிபோன் ஆபீஸ் பஸ் ஸ்டாப் வழியாகத்தான் தன் ஆபீசுக்குப் போனான். அவன் ஆபீஸ் எதிர்த் திசையில் இருந்தது.

பிறகு சீர் பேச்சு வந்தது. கட்டில் மெத்தை பெண் வீட்டார் கொடுப்பது வழக்கம். காமாக்ஷி மாமி ஊரிலிருந்து இலவம்பஞ்சு வரவழைக்கிறேன் என்றாள். தங்கம் மாமிக்கு ஃபோம் வேண்டும். யாரோ ஜாயின்ட் செகரட்டரி வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதோடு நிறுத்தினாளா என்றால், இல்லை. “வாங்கறச்சே படுத்துப் பாத்து வாங்கணுமாக்கும். மெத்தைங்கறது ரெண்டு ஆள் சமாச்சாரம்,” என்றாள்.

நியாயமான பேச்சுதான். படுத்துப் பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் பிள்ளையையும் பஞ்ச்குயான் ரோடு மரச்சாமான் கடையில், ஊர் பார்க்க, ஒரே மெத்தையில் படுக்க வைப்பதா? கல்யாணத்துக்குப் பிறகு படுக்கலாமே என்று ராமமூர்த்தி ஈனஸ்வரத்தில் சொன்னதாகக் கேள்வி. சீர் முதல் நாளே வந்து இறங்க வேண்டாமா என்று இரண்டு மாமிகளும் சேர்ந்து அவரை உட்கார வைத்தார்கள். அதுவரை அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. இந்த மாதிரி யோசனை நம்மவர்களுக்குத்தான் வரும். பெண்ணின் பருமனில் ஓர் ஆளையும் பிள்ளையின் பருமனில் ஓர் ஆளையும் அழைத்துப்போய்ப் படுக்கவைப்பது. பெண்ணுக்குப் பதிலாள் யார் என்பதைப் பெண் வீடு தீர்மானிக்கும். பிள்ளைக்குப் பதிலாளைப் பிள்ளை வீடு தீர்மானிக்கும். பொம்மனாட்டி யாரும் கடையில் படுக்கமாட்டாள் என்பதால் இரண்டு பேரும் ஆண்கள்.

காமாக்ஷி மாமி தன் பெண்ணுக்குப் பதிலாக யாரைக் கொண்டுவந்தாள் தெரியுமா? வைத்தியை. ராமமூர்த்திக்கு ஒன்றுவிட்ட தம்பி, மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்த ஒட்டின உடம்பு. “எங்க வத்சலா இந்த வாகுதான்,” என்று கண் கொட்டாமல் சொன்னாள். வைத்தியை இரண்டாகப் போட்டால்கூட வத்சலா அளவுக்கு வருமா என்பது சந்தேகம்; சரி, ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம்.

தங்கம் மாமி சளைத்தவளா? ஜம்புவுக்குப் பதிலாகத் தன் அண்ணா பாலசுப்ரமணியத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கோட்டைக் கொடுத்தவரே உடம்பையும் கொடுத்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் ரொம்பப் பருமன் இல்லை. வைத்தியை விட ஒரு சுற்றுக் கூட. ஜம்புவுக்கு முன்னால் நின்றால்தான் மலை. “மாமா வாகு. கல்யாணமானா இவனும் இப்படித்தான் ஆயிடுவன், கேட்டேளா?” என்றாள் மாமி.

இவள் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னது பொய் என்று இவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கும் பஞ்ச்குயான் ரோட்டில் ஒரு முக்காலி பார்க்க வேண்டியிருந்தது. அதே கடையில்.

வைத்தியும் பாலசுப்ரமணியமும் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக வைத்திருந்த மெத்தைகளில் ஒவ்வொன்றாக ஏறிப் படுத்தார்கள். மல்லாக்க, கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு. கடைக்காரர் பஞ்சாபி, முதலில் ஹாஸ்டலுக்கா என்று ஹிந்தியில் கேட்டார். கல்யாணத்துக்கு என்று ராமமூர்த்தி சொன்னார். கடைக்காரர் படுத்திருந்த இருவரையும் பார்த்தார், ராமமூர்த்தியைப் பார்த்தார், “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மெத்தையைக் காட்டப் போய்விட்டார். வியாபாரி.

தேங்காய்நார் மெத்தையில் பாலசுப்ரமணியத்துக்கு முதுகு உறுத்தியது. பருத்திப் பஞ்சு மெத்தையில் வைத்திக்குத் தும்மல் வந்தது. ஃபோமில் படுத்ததும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சின்னப் பள்ளத்தில், சமமாக, சொகுசாக அமிழ்ந்தார்கள். நடுவில் மேடும் இல்லை, சரிவும் இல்லை. “இதுதான் அண்ணா,” என்றான் வைத்தி ராமமூர்த்தியிடம், கண்ணை மூடிக்கொண்டே. ஆக, வைத்திக்கும் பாலசுப்ரமணியத்துக்கும் மிகப் பொருத்தமான மெத்தையாகத் தேர்ந்தெடுத்து, ஜம்புவுக்கும் வத்சலாவுக்கும் சீராகக் கொடுத்தார்கள்.

மேற்கொண்டு நடந்ததை ஊகித்திருப்பீர்கள். வத்சலா படுத்தால் மெத்தை அந்தப் பக்கம் ஆழமாக இறங்கும். ஜம்புவின் எடைக்கு மெத்தை அசையவே அசையாது. அவன் சரிவின் உச்சியில், கூரை ஓரத்தில் வைத்த பந்து மாதிரி. கண் அசந்தால் உருண்டு போய் அவள்மேல் மோதுவான். முதல் மாதம் இதை இரண்டு பேருமே பெரிய குறையாக நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. புதுசு அல்லவா? பிறகு ஆபீஸ் போகிற மனுஷன் எத்தனை நாளைக்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே தூங்குவான்? ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை சுளுக்கிக்கொண்டது. தரையில் படுத்தது அதற்குப் பிறகு. வத்சலா தானும் கீழே படுக்கிறேன் என்றாளாம். அந்த அறையில் கட்டில் போக இருந்த இடத்தில் ஜம்பு ஒருவன்தான் படுக்க முடியும். அதுவும் ஜம்புவாக இருப்பதால்.

அம்மாவிடம் அவன் காரணம் சொல்லவில்லை. சொன்னால் வத்சலாவின் உடம்பைச் சொன்னதாகும். வத்சலாவும் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றி, அதைப் பெட்டி கட்டும் வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். மெத்தை நகரவில்லை. சண்டை எடையைத் தாண்டி, ரிசப்ஷனில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோனது வரை போய்விட்டது. அப்போது, காமாக்ஷி மாமிக்குப் பின்னால் நின்றிருந்த ராமமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். எல்லோருக்கும் ஆச்சரியம்.

“மெத்தையில குத்தம் இருக்கா இல்லையான்னு முதல்ல தெரியணும். அன்னிக்குப் படுத்தவா ரெண்டு பேரும் இங்கேயே இருக்கா. திரும்பப் படுக்கட்டும்.”

இருந்தார்கள்தான். பாலசுப்ரமணியம் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வைத்தியை, மெத்தையைத் திருப்பி மேலே ஏற்ற, காமாக்ஷி மாமியே கூட்டி வந்திருந்தாள். மல்ஹோத்ராவும் ஒரு கை கொடுக்க, மெத்தை மேலே போய்க் கட்டிலில் ஏறியது. சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். என்னைப் போலவே பிளாக்கில் பாதிப் பேருக்குச் சாட்சி மனப்பான்மை இருந்தது. அறைக்குள் இடம் போதாமல் வராந்தாவில் நின்றவர்களுக்கு ஜன்னல் வழியாகச் செய்தி போயிற்று.

பாலசுப்ரமணியமும் வைத்தியும் படுத்தார்கள். சமதளம். கேரம் போர்டை வைத்து ஆடலாம். பாலசுப்ரமணியம் நெஞ்சில் கையைக் கோத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் வேறு, லேசாகக் குறட்டை விடப் பார்த்தார்.

“இப்ப சொல்லுங்கோ,” என்றாள் காமாக்ஷி மாமி. “மெத்தையில என்ன குத்தம்?”

தங்கம் மாமி மெத்தையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். என்ன சொல்வாள்? உன் பெண் வைத்தி இல்லை என்று சொல்லலாம். சொன்னால், உன் பிள்ளை மட்டும் பாலசுப்ரமணியமா என்று அவள் கேட்பாள். பொய் சொல்லிக் கட்டிய கல்யாணத்தில் உண்மையை முதலில் சொல்கிறவர்கள்தான் தோற்றவர்கள். மாமி சுற்றிவளைத்துப் பழைய இடத்துக்கே வந்தாள். “மெத்தையில குத்தமில்லேன்னா படுக்கறவாள்ட்டதான் குத்தம். அது தெளியற வரைக்கும் அவ அங்கே இருக்கட்டும்.”

காமாக்ஷி மாமியும் கோபத்தில், “பேஷா வரட்டும். வத்சலா, பெட்டியை எடு,” என்று சொல்லிவிட்டாள். வெற்றி பெற்ற ஜோரில் பெண்ணின் வாழ்க்கை கைநழுவுவது அவளுக்குத் தெரியவில்லை.

வத்சலா பெட்டியை எடுத்தாள். வாசல் பக்கம் போகவில்லை. நேரே அறைக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளினாள்.

“வைத்தி சித்தப்பா, எழுந்துக்கோங்கோ,” என்றாள். “அது என் இடம்.”

வைத்தி துள்ளி எழுந்தான்.

“எனக்கு எழுபத்தொன்பது கிலோ. ஆபீஸ்ல மெடிக்கல் எடுத்தபோது பாத்தது. இவருக்கு நாப்பத்தெட்டு. மெத்தைக்கு இது தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரல்லே. மெத்தை போகட்டும் மாமி. நான் போகமாட்டேன்.”

இவ்வளவு பேர் முன்னால் ஒரு பெண் தன் எடையைத் தானே சொல்லி நான் கேட்டதில்லை. வராந்தாவில் நின்றவர்களுக்கு யாரோ எண்களை ஹிந்தியில் மொழிபெயர்த்தார்கள். மல்ஹோத்ராவின் மனைவி தன் வயிற்றை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

தங்கம் மாமி பிள்ளை பக்கம் திரும்பினாள். அவன் என்ன சொல்கிறானோ அதுதான் தீர்ப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது, வத்சலாவுக்கும்தான். பேச்சு முடிந்ததும் அவள் முகத்திலிருந்த தைரியமெல்லாம் வடிந்துபோய், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜம்பு சுவரில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்தபடி இருந்தான்.

“நாப்பத்தேழு,” என்றான். “குளிர்ல ஒரு கிலோ இறங்கிடுத்து.” பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். “வா வத்சலா. கடை சாத்தறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்.”

“எங்கேடா?” என்றாள் தங்கம் மாமி.

“மெத்தை வாங்க. நாங்களே படுத்துப் பாத்துக்கறோம்.”

போனார்கள். வைத்தியையும் கூட்டிப் போனார்கள், இந்தத் தரம் தூக்குவதற்கு மட்டும். அதனால்தான் எனக்கு விவரம் முழுசாகக் கிடைத்தது. பட்டப்பகலில், பஞ்ச்குயான் ரோடு முழுக்கப் பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மெத்தையாக ஏறிப் படுத்தார்களாம். வெட்கமாவது ஒன்றாவது. ஃபோமில் படுத்ததும் ஜம்பு கடகடவென்று உருண்டு போய் அவள்மேல் விழ, வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர்கள் கைதட்டினார்களாம். தேங்காய்நாரில் வத்சலாவுக்கு நன்றாகத் தாங்கியது. ஜம்புவுக்கோ எலும்பு மொத்தமும் மெத்தையில் இடித்தது. கடைக்காரர் ஒரு மெத்தையில் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் பார்த்துத் தோற்றார். கடைசியில் இரண்டு ஒற்றை மெத்தைகள்: அவளுக்குக் கெட்டியான நார், அவனுக்கு மெல்லிசாக நாரும் மேலே பஞ்சும். உயரம் ஒன்றாக இருக்கும்படி பார்த்து எடுத்தார்கள். ஃபோமைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். ‘அன்றைக்குப் படுத்த சாஹிப்கள் கல்யாணம் ரத்தாகிவிட்டதா’ என்று மட்டும் வைத்தியைக் கேட்டாராம்.

இரண்டு மெத்தைகளும் மாடி ஏறியபோது சம்பந்திகள் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் தனித்தனி மெத்தையிலா, இது எந்தக் குடும்பத்தில் உண்டு, வெயிலில் காயப்போட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள். பார்க்கிறவர்கள் என்று சொல்லும்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“கட்டில் ஒண்ணுதானேம்மா,” என்றான் ஜம்பு. இரண்டையும் ஒட்டிப் போட்டு, கட்டில் சட்டத்தோடு நாடாவால் இழுத்துக் கட்டி, மேலே ஒரே விரிப்பை வத்சலா விரித்தாள். அன்றையிலிருந்து அவன் தரையில் படுக்கவில்லை. பங்குனிக்குள் நிமிர்ந்து நடந்தான். நான் மாடியிலிருந்து வேறு சத்தம் வருகிறதா என்று கொஞ்ச நாள் கவனித்தேன். ஒன்றுமில்லை, நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஏமாற்றம்தான்.

அடுத்த வருஷம் வத்சலாவுக்கு ஒரு பெண் பிறந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழந்தையின் எடையைத் தங்கம் மாமிதான் முதலில் கேட்டு வந்து, பிளாக் முழுக்கச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ராமமூர்த்தி ரிடையராகி, காமாக்ஷி மாமியோடு கும்பகோணம் போய்விட்டார். பாலசுப்ரமணியத்துக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. வைத்திக்கு லோதி காலனியில் பெண் கிடைத்துக் கல்யாணமும் ஆயிற்று. ஜம்புவுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து, எண்பத்திரண்டில் மூவரும் குழந்தையும் ராமகிருஷ்ணபுரத்துக்குக் குடிபோனார்கள். மாடியில் இப்போது ஒரு பெங்காலி தம்பதி. இரண்டு பேரும் ஒரே பருமன், ஒரே உயரம், மூக்குக்கண்ணாடிகூட ஒரே மாதிரி. அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.